பானெட்டின் இடது பக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத எனக்கு உந்துதல் எதுவும் வரவில்லை, மச்சான்தான் வந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். போர்க்காலத்து ராணுவ ஜீப் ஒன்றை வாங்கி ஷெட்டில் நிறுத்தி, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாள்முதல் அதன் அடியிலேயே குடித்தனம் நடத்துகிறவர்.

"மாப்ள, வண்டிக்கு ஒரு பக்கம் வரலாறு எழுதிக் குடு. பழைய வண்டிக்காரங்க சங்கத்துல கேக்கறாங்க. நீதான் கதையெல்லாம் எழுதறியே."

"கதை வேற, வரலாறு வேற மச்சான்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நம்பர் மட்டும் சரியா இருக்கணும்."

நம்பர்தான் இங்கே விவகாரம். போரின்போது ராணுவம் இந்த வண்டிக்கு ஒரு பதிவெண் கொடுத்து, பானெட்டின் இரண்டு பக்கமும் பெயின்டால் எழுதியது. போர் முடிந்ததும் வண்டி கைமாறியது. வாங்கியவர்கள் யாரும் பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கவில்லை. மேலேயே அடித்தார்கள். மனிதர்களின் சோம்பேறித்தனத்தால்தான் வரலாறு பிழைத்திருக்கிறது என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். ஆக, முதல் எண் அடியில் எங்கோ இருக்கிறது. அது தெரியாத வண்டியைச் சங்கத்தில் அனாதை என்கிறார்கள். அந்த ஒரு சொல் மச்சானின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: "குண்டுகள் மழையாய்ப் பொழிந்த அந்த விடியலில், பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு ஜீப்—"

வேண்டாம். கதவை யாராவது ஓங்கிச் சாத்தினாலே திடுக்கிடுகிறவன் நான். எனக்கு எதற்குக் குண்டு.

இரண்டாவது தொடக்கம்: "நான் ஒரு ஜீப். என் கதையைக் கேளுங்கள்."

(இதைப் படித்த மனைவி தாளை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினாள். மேசை இப்போது ஆடுவதில்லை. என் எழுத்தால் இந்த வீட்டுக்குக் கிடைத்த நேரடிப் பயன் இதுவரை அது ஒன்றுதான்.)

மூன்றாவது தொடக்கம்: "மச்சான் ஒரு தவறு செய்தார்."

இது தேவலை. படிக்கிற எல்லாருக்கும் ஒரு மச்சான் இருப்பார்.

3

மச்சான் ஒரு தவறு செய்தார்.

அடி எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நைஸான உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, இரண்டே விரலால், குழந்தையின் கன்னத்தைத் துடைப்பதுபோல் தேய்க்க வேண்டும். ஒரு நிறம் போய் அடுத்த நிறம் எட்டிப் பார்க்கும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். பொறுமைதான் இதில் பாதி வேலை. என் மச்சான் லிஃப்ட் வருவதற்குள் நான்கு முறை பொத்தானை அமுக்குகிறவர்.

அவர் மின்சார கிரைண்டரை எடுத்தார். வலது பக்கத்தில் வைத்தார். எல்லா நிறங்களும், எல்லா எண்களும், மொத்த வரலாறும் ஷெட் முழுக்கத் தூளாகப் பறந்தன. மிஞ்சியது இரும்பு. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. மச்சான் பார்த்தார். பார்த்த முகம் அவருக்குப் பிடிக்கவில்லை.

மிச்சம் இருப்பது இடது பக்கம் மட்டும். அதில் கையால் இறங்கினார். பச்சை போனது, நீலம் போனது, பிறகு வெள்ளை வந்தது. வெள்ளையின் மேல் கறுப்பில் ஆறு இலக்கங்கள். ராணுவம் வண்டிக்கு வெள்ளை அடிக்காது. இது போருக்குப் பின் வந்த யாரோ எழுதியது. ஆனால் கடைசி இலக்கத்தின் ஓரத்தில் வெள்ளை கொஞ்சம் தேய்ந்து, அதற்கும் அடியில் கரும்பச்சையும் ஒரு எண்ணின் வளைவும் தெரிந்தன. மூன்றாக இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். மச்சான் அன்று சாப்பிட வரவில்லை.

(அந்த ஆறு இலக்கங்களும் என்ன என்று நான் சொல்லப்போவதில்லை. கேட்காதீர்கள்.)

4

மறுநாள் ஜீப்புக்குத் தார்ப்பாய்க் கூரை தைக்க, தையல்கார அக்கா அளவெடுக்க வந்தார். மச்சானைவிட மூத்தவர்; தெருவுக்கே அக்கா. டேப்பைப் பல்லில் கடித்தபடி வண்டியைச் சுற்றி வந்தவர் இடது பக்கத்தில் நின்றுவிட்டார். டேப் கீழே விழுந்தது.

"இது எங்கப்பா எழுதினது."

"எது?"

"இந்த நம்பரு. ஆஸ்பத்திரி ஜீப்தான இது? எங்கப்பாதான் டிரைவர்."

கதை இதுதான். ராணுவத்திடமிருந்து வண்டி ஆஸ்பத்திரிக்கு வந்தது. டிரைவரை வைத்தே வெள்ளை அடித்தார்கள். புது எண்ணை எழுத ஆள் கிடைக்கவில்லை. யாரோ ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்க, அதைப் பார்த்துப் பார்த்து டிரைவரே பெயின்டில் வரைந்திருக்கிறார்.

"அப்பா கைநாட்டு. பேரு எழுதக்கூட வராது. மொத எழுத்தெல்லாம் பெருசு பெருசா போட்டுட்டாரு, கடைசிக்கு எடம் பத்தல. பாருங்க, அந்தக் கடைசி நம்பர் எப்படி ஒடுங்கி நிக்குது. பஸ்ஸுல சீட்டு கிடைக்காத ஆளு மாதிரின்னு வீட்டுல எல்லாரும் கேலி பண்ணுவோம். அவரு வாழ்க்கையில எழுதினது இது ஒண்ணுதான்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பக்கமும் எழுதியிருந்தாரே, அதுல எடம் சரியா வந்திச்சு" என்று வலது பக்கம் போனார்.

மச்சான் திடீரென்று ஷெட்டின் கூரையை ஆராயத் தொடங்கினார்.

(தற்செயல் ரொம்ப அதிகம் என்று முணுமுணுக்கிறீர்கள், காதில் விழுகிறது. அந்தக் காலத்து ஜீப் எங்கள் ஊரில் இது ஒன்றுதான். தார்ப்பாய் தைக்கிறவரும் ஒருவர்தான். சந்திக்காமல் இருந்திருந்தால்தான் நான் கஷ்டப்பட்டுக் காரணம் யோசித்திருக்க வேண்டும்.)

5

இந்த இடத்தில் என் முதல் வரைவு இப்படிப் போனது: "அவர் கண்களிலிருந்து கண்ணீர் அருவியாகக் கொட்ட, நடுங்கும் விரல்களால் அந்த எண்களை—"

அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார்.

"நான் எங்கங்க அழுதேன்? டேப்ப எடுத்தேன், அளவ முடிச்சேன், துணி ரெட்டையா போட்டாதான் ஒழுகாதுன்னு சொன்னேன். அதையெல்லாம் எழுதலியே."

எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன்.

"அப்புறம் வீட்டுக்குப் போய்தான் அழுதேன். அது உங்களுக்குத் தெரியாது. அத எழுதாதீங்க."

எழுதவில்லை.

6

விஷயம் எளியது, அதனால்தான் தீரமாட்டேன் என்கிறது. அடியில் இருக்கும் எண்ணைப் படிக்க வேண்டுமானால் மேலே இருக்கும் எண்ணை அழிக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

உங்களுக்குத் தோன்றும் யோசனைகள் எல்லாம் எங்களுக்கும் தோன்றின. ஆஸ்பத்திரி வண்டிதானே, எக்ஸ்ரே எடுத்தால் என்ன என்று மச்சான் போய்க் கேட்டே விட்டார். "வண்டிக்கு எங்க வலிக்குது?" என்றாராம் எக்ஸ்ரே எடுப்பவர்.

"போட்டோ எடுத்து வச்சுக்கலாம்கா," என்றார் மச்சான். "பெருசா, சட்டம் போட்டுத் தரேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு எண்களின் மேல் விரலை ஓட்டினார். பெயின்டைத் தாராளமாகக் குழைத்து அடித்திருக்கிறார் மனிதர். ஒவ்வொரு கோடும் மேடாக நிற்கிறது. ஒடுங்கிய கடைசி இலக்கத்தில் விரல் தானாக மெதுவானது.

"போட்டோவ இப்படித் தடவிப் பாக்க முடியுமா?"

மச்சான் என் பக்கம் திரும்பினார். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும், பாவம் என்றுதான் தோன்றியது. "இது எங்கெல்லாம் போச்சு, யார ஏத்திட்டுப் போச்சுன்னு ஒருத்தருக்காவது தெரியணும்ல மாப்ள," என்று என்னிடம் சொன்னார். "நம்பர் இருந்தாதான் எங்கியாவது கேக்கலாம். இல்லன்னா யாரப் போய் என்னன்னு கேக்கறது?"

7

நான் எழுத்தாளன். ஒரே வரியில் வலது பக்கத்தை மீட்டுவிட எனக்கு அதிகாரம் உண்டு. மீட்டேன்கூட: கிரைண்டர் அன்று பழுதாகிவிட்டது என்று எழுதினேன். அக்காவுக்கு இடது, மச்சானுக்கு வலது, எல்லாரும் சுகம். மச்சான் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"என் தப்ப எதுக்கு மாப்ள எடுத்தே? அது நடந்ததுதான."

சரி. இருக்கிற சரக்கை வைத்துச் சில முடிவுகள்.

மச்சான் தேய்க்கிறார். ராணுவ எண் முழுசாக வருகிறது. சங்கத்தில் கைதட்டுகிறார்கள். சோப்புத் தண்ணீரில் கலந்து ஒரு டிரைவரின் கையெழுத்து வாசல் சாக்கடையில் ஓடுகிறது. (சங்கத்தாருக்குப் பிடிக்கும்.)

அல்லது மச்சான் தேய்க்கவில்லை. வண்டி கடைசிவரை அனாதை. அந்த வளைவு மூன்றா எட்டா என்று கேட்டு, சாப்பிடும்போதெல்லாம் அவர் என் தங்கமான உயிரை எடுக்கிறார். (என் மனைவிக்குப் பிடிக்காது.)

அல்லது, தேய்த்து எண் கிடைத்து, விசாரித்தால் அது வேறொரு ஜீப்பின் எண். ராணுவப் பட்டறைகளில் ஒரு வண்டியின் பானெட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டியிருக்கலாம். அவசரத்தில் யார் பார்த்தார்கள். இரண்டும் போச்சு. கொடூரமான முடிவு, ஆகவே இலக்கியம்போல் இருக்கிறது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா இதையும் படிப்பார்.

8

ஞாயிற்றுக்கிழமை காலை. கூரை தைத்து முடிந்து, அதை மாட்ட அக்கா வந்திருந்தார். மச்சான் வாளியில் தண்ணீர் வைத்து, உப்புத்தாளை நனைத்து, பானெட்டின் முன் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு தாளை அக்காவிடம் நீட்டினார்.

"என்னால முடியலக்கா. நீங்களே சொல்லுங்க. வேணாம்னா வேணாம், நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

இவர் இப்படிச் சொல்வார் என்று நான் எழுதியிருக்கவில்லை.

அக்கா தாளை வாங்கினார். வேண்டாம் என்று வாளியில் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் அதைக் கொண்டுபோய்க் கடைசி இலக்கத்தின் மேல் வைத்தார். அழுத்தவில்லை.

"அடியில இருக்கறதும் யாரோ ஒருத்தர் கையால எழுதினதுதான?" என்றார். "அப்பா அத மூடிட்டாரு. வேணும்னு இல்ல, மூடச் சொன்னாங்க, மூடினாரு. அந்த ஆளு வீட்டுக்குத் திரும்பிப் போனாரோ என்னமோ. அவருக்கும் பொண்ணு இருந்திருக்கலாம்."

அக்கா தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்கதான எழுதறீங்க. எழுதுங்க."

எழுத உட்கார்ந்தேன். "நான் உப்புத்தாளை வாங்கி, மெதுவாக—" இல்லை. "நான் உப்புத்தாளைக் கீழே—" அதுவும் இல்லை. இரண்டு வாக்கியமும் அரைகுறையாக நிற்கின்றன. எந்தப் பக்கம் முடித்தாலும் ஒருவரின் அப்பாவை நான்தான் அழிக்கிறேன் அல்லது மூடி வைக்கிறேன், அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆகவே இந்தாருங்கள், உப்புத்தாள். வாங்கிக்கொள்ளுங்கள், கை சும்மாதானே இருக்கிறது. நன்றாக நனைந்திருக்கிறது. இரண்டு விரல் போதும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், வெளிச்சத்தை மறைக்கிறீர்கள். மச்சான் ஷெட்டுக்கு வெளியே போய்விட்டார், முதுகு மட்டும் தெரிகிறது. அக்கா போகவில்லை. உங்கள் முகத்தை அவர் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.