மிஞ்சிய தாங்கி

பொத்தானை அழுத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று விசிறிகளும், தூக்கத்தில் புரண்டு படுப்பவர்களைப் போல, அரைச் சுற்றுச் சுற்றி நின்றன. உள்ளே ஒரு விளக்கு மின்னி அணைந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே அரைச் சுற்று, அதே மின்னல், அதே அமைதி.

“என்னம்மா, தொட்டியில மீன் செத்துப்போச்சா?” என்று தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து கேட்டாள் அண்ணி.

அண்ணி, கணவனின் அக்கா. புதிய கம்ப்யூட்டர் கேபினட் வீட்டுக்கு வந்த அன்றே அதற்கு மீன் தொட்டி என்று பெயர் சூட்டியவள். பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. முன்புறமும் பக்கமும் கண்ணாடி. உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் ஊருக்கே தெரியும். பழைய கம்ப்யூட்டருக்கு அந்தப் பெருமை இருந்ததில்லை. அது சாம்பல் நிறத் தகரப் பெட்டி. அதற்குள் என்ன இருக்கிறது என்று இந்த வீட்டில் எவரும் கேட்டதுமில்லை, அறிய விரும்பியதுமில்லை. அதன் மூடியை அவள் கழற்றினாள்; ஆகாததை ஒதுக்கி, ஆவதை எடுத்துத் தூசி துடைத்தாள்; புதிய மதர்போர்டும் புராசசரும் வாங்கிச் சேர்த்தாள். ஒரு பொறியைத் தன் கையாலேயே பூட்ட அவள் துணிந்த பிறகுதான் வீட்டின் மூலை முடுக்கிலெல்லாம் ஐயங்கள் முளைத்தன. இதெல்லாம் உனக்கு எதற்கு? யார் சொல்லிக் கொடுத்தது? நின்றுபோனால் யார் பார்ப்பது?

அவள் கட்டட வரைபடம் வரைபவள். மற்றவர்கள் வாழப்போகும் வீடுகளுக்குச் சுவரும் சன்னலும் வகுப்பது அவள் தொழில். அண்மையில் அவளுடைய அலுவலகம் தன் மாடியைக் காலி செய்துவிட்டு, இனி வரைபவர்கள் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே வரையலாம் என்று அறிவித்தது. சலுகை போலத் தொடங்கிய அறிவிப்பு நிபந்தனையாக முடிந்தது: பெரிய வரைபடங்களைத் தாங்கும் கம்ப்யூட்டர் அவரவரே வைத்திருக்க வேண்டும், திங்கட்கிழமை காலை ஒவ்வொருவரின் பொறியும் தொலைவிலிருந்து சோதிக்கப்படும், தேறாதவர் கையிலிருக்கும் வேலை தேறியவர் கைக்குப் போகும். பாகங்களைப் பூட்டித் தருவதற்குக் கடைக்காரர் பத்து நாள் கேட்டார். பத்து நாளை எங்கே போய் வாங்குவது? இன்று ஞாயிறு, உச்சி வேளை.

சமையலறையிலிருந்து கணவன் வந்தான். ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான்.

“ஓடலையா?”

“ஓடல.”

“நான் சொன்னேன்ல.”

“என்ன சொன்னீங்க?”

“சொல்லல. சொன்னா சண்டை வரும்னுதான் சொல்லாம இருந்தேன்.”

அவன் எதையும் தடுப்பவன் அல்லன். அதை அவனே சொல்வான். விருந்தினர் முன்னும் சொல்வான், தொலைபேசியிலும் சொல்வான்: நான் தடுத்தேனா? வேலைக்குப் போவதைத் தடுத்தேனா, அடுக்கடுக்காகப் பார்சல் வந்தபோது தடுத்தேனா? தடுக்காதிருப்பதையே ஒரு கொடையாகக் கருதி, அதற்கு நன்றியும் எதிர்பார்த்து நிற்கும் ஆண்கள் எத்தனை பேர்! வழியை மறிக்க மாட்டார்கள். ஆனால் வழிநெடுக உடன் வந்து, எங்கே இடறுவாள் என்று காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“கடைக்காரன் உன் தலையில பழைய சரக்கக் கட்டிட்டான்” என்றான். “பொம்பள தனியா வந்து நிக்கிறா, இவளுக்கு என்ன தெரியப்போவுதுன்னு நெனச்சிருப்பான்.”

அந்த எண்ணம் அவளுக்கும் வராமலில்லை. “சார் வரலையாம்மா?” என்று கேட்டவர்தானே அந்தக் கடைக்காரர்! ஆனால் பெட்டிகளின் முத்திரைத் தாளை அவளேதான் கிழித்தாள். உள்ளே உறை கலையாமல் இருந்தது. அந்த ஐயத்தை அவள் ஓரமாக வைத்தாள். முழுதாகத் தூக்கி எறியவில்லை.

கணவன் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “அக்காவோட காந்தம் நேத்து இங்கதான இருந்துச்சு?”

தையல் மெஷின் சட்டென்று நின்றது.

“ஏன்டா, என் காந்தம் உன்னக் கடிச்சிச்சா?”

“இல்லக்கா, காந்தம் பட்டா இந்த மாதிரி சாமான் கெட்டுப்போவும்னு சொல்வாங்க.”

“சொல்வாங்க, சொல்வாங்க. யாரு சொல்வாங்கன்னு மட்டும் சொல்லமாட்டாங்க.”

தரையில் சிதறும் குண்டூசிகளைப் பொறுக்க அண்ணி வைத்திருக்கும் காந்தம் அது. ஒரு கைப்பிடியும் உண்டு. நேற்று அது இந்த மேசையில் கிடந்ததை அவளும் பார்த்தாள். மேசையில் பாதி அண்ணி துணி வெட்டும் இடம். கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து துணியை மடக்கி மடக்கி வெட்ட வேண்டியிருக்கிறது. மனத்தாங்கல் இருக்கக்கூடும். மனத்தாங்கல் இருந்தால்? அந்த நினைப்பு தலை தூக்கியதுமே அவளுக்குத் தன்மீது வெறுப்பு வந்தது. ஒரு பெண்ணின் கைவேலை பொய்த்தவுடன் பழி எத்தனை எளிதாக அடுத்த பெண்ணின் கைமேல் போய் அமர்கிறது!

அப்போதுதான் நேற்று மாலை நினைவுக்கு வந்தது. புராசசர்மேல் பூசும் பசை தீர்ந்துபோய், அதை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கணவன் இதே மேசையருகில் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டான். “சும்மா பாத்தேன். கேபினட் நல்ல கனம்” என்றான். அவளும் நல்ல கனம்தான் என்று சொல்லிவிட்டுப் பசையை எடுத்து வைத்தாள். நேற்று அது வெறும் பேச்சு. இன்று ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து வாசலில் நின்றது.

அவள் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். கம்பிகளை ஒவ்வொன்றாக உருவினாள். மதர்போர்டின் திருகாணிகளைத் தளர்த்தி, புராசசரும் விசிறியும் அதன்மேலேயே இருக்க, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல இரு கையாலும் தூக்கி, அது வந்த அட்டைப் பெட்டியின்மேல் கிடத்தினாள். மின்சாரம் தரும் பவர் சப்ளையை வெளியே இழுத்து, அதன் கம்பிகளைப் போர்டில் செருகினாள். மானிட்டரையும் இணைத்தாள். கேபினட் இல்லாததால் பொத்தானும் இல்லை. பொத்தானின் கம்பி சேரும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொடுவதற்குக் குனிந்தாள்.

“ஏய், ஷாக் அடிக்கப்போவுது!” என்று கணவன் ஓரடி பின்னால் போனான்.

“அடிக்காது. இதுல அவ்ளோ கரண்ட் இல்ல.”

தொட்டாள். விசிறி சுழன்றது. நிற்கவில்லை. மானிட்டரில் எழுத்துகள் வரிசை வரிசையாக இறங்கின.

 கண்ணாடியும் கறுப்பு வண்ணமுமாக மினுங்கும் வீட்டுக்குள் மூச்சு விடாத பொறி, சுவரும் கூரையும் இல்லாத அட்டைப் பெட்டியின்மேல் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர்மேல் குற்றமில்லை. காந்தத்தின்மேல் குற்றமில்லை. பொறியின்மேல் துளிக் குற்றமும் இல்லை. எனில், அதை வைத்த இடத்தில்தான் ஏதோ இருக்கிறது.

அவள் மேசை ஓரத்திலிருந்த சிறு கிண்ணத்தை எடுத்தாள். மிஞ்சிய திருகாணிகளை அதில்தான் போட்டிருந்தாள். நேற்று மதியம் கேபினட்டின் உள்தகட்டில் பித்தளைத் தாங்கிகளைச் சரிபார்த்தது தெளிவாக நினைவிருந்தது. விரல் நுனியளவு உயரமுள்ள கட்டைகள் அவை. தகரம் படாமல் போர்டை உயர்த்திப் பிடிப்பவை. அவளுடைய போர்டு சற்றுச் சிறியது. தாங்கிகளில் ஒன்றுக்கு நேரே துளை இல்லை. துளையில்லாத இடத்தில் பித்தளை முட்டினால் போர்டின் முதுகில் மின்சாரம் தடம் மாறும். பவர் சப்ளை தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஆகவே அந்த ஒன்றைக் கழற்றி இந்தக் கிண்ணத்தில் போட்டாள். இன்று காலை போர்டைப் பொருத்தும்போது, சரிபார்த்தாயிற்றே என்ற துணிவில் மறுபடி பார்க்கவில்லை.

கிண்ணத்தில் வெள்ளைத் திருகாணிகள் மட்டுமே இருந்தன.

“அண்ணி, அந்தக் காந்தத்தக் கொஞ்சம் குடுங்களேன்.”

“நீயுமா?” என்றாள் அண்ணி. ஆனால் எழுந்து வந்து கொடுத்தாள். கிண்ணத்துக்கு மேல் காட்டியதும் திருகாணிகள் எல்லாம் துள்ளி ஒட்டிக்கொண்டன.

“இதுல ஒரு பித்தளைக் கட்டை இருந்துச்சு. உங்க காந்தம் இழுத்துட்டுப் போயிருக்குமா?”

“பித்தளையா?” என்று காந்தத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள் அண்ணி. “என் சட்டைப் பித்தளைப் பொத்தான் கட்டில் அடியில உருண்டா நான்தான் குப்புறப் படுத்து எடுக்கணும். இது பித்தளைய ஏறெடுத்தும் பாக்காது.” சொல்லிவிட்டு அண்ணி தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இப்போது கேலி இல்லை.

அவள் கைபேசி விளக்கை ஏற்றி, காலியான கேபினட்டுக்குள் பிடித்தாள். தாங்கி அங்கே நின்றது. அவள் கழற்றிய அதே இடத்தில், ஊன்றிய கம்பம்போல. மற்றவை விரலால் திருகப்பட்டு வழுவழுப்பாக இருந்தன. இதன் இடுப்பில் மட்டும் குறடு கடித்த பல் தடம்.

“யாரு போட்டா?” என்று கேட்டாள். மூன்று பேர் வாழும் வீடு. ஒருத்தி கேட்கிறாள், ஒருத்தி காந்தத்தோடு நிற்கிறாள்.

கணவன் தொண்டையைச் செருமினான். “நான்தான். அதுக்கென்ன இப்போ? நீ மறந்துட்டன்னு நெனச்சேன்.”

அவன் கிடங்கில் மேற்பார்வையாளன். கூரையைத் தொடும் இரும்பு ரேக்குகளை அவன் கண்முன்தான் பூட்டுவார்கள். பூட்டி முடித்த பிறகு தரையில் ஒரு போல்ட் கிடந்தால், பூட்டியவனைக் கூப்பிடமாட்டான். தானே ஏறித் தேடி முடுக்குவான். அதை அவள் அறிவாள்.

“கிடங்குல ஒரு போல்ட் மிஞ்சினா என்ன ஆவும் தெரியுமா? ரேக் சாயும். கீழ நிக்கிற ஆளு மேல சாயும். மிஞ்சுதுன்னா யாரோ தப்புப் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம்.”

“அது ரேக்கு. என்னை ஏன் கேக்கல?”

“கேட்டா என்ன சொல்லியிருப்ப?”

“வேணாம்னு சொல்லியிருப்பேன்.”

“அதான்” என்றான்.

அந்த ஒரு சொல்லை அவன் வெகு இயல்பாகச் சொன்னான். வெயிலில் நிற்பவருக்கு நிழலைக் காட்டுபவன்போல. அதில் பொய் இல்லை என்றே அவளுக்குப் பட்டது. பொய் இல்லாததுதான் அச்சமூட்டியது. பகையோடு வந்து கம்பியை அறுத்திருந்தால் அவனைப் பகைவன் என்று சொல்லிவிடலாம். வலுவூட்ட வந்தேன் என்கிறான். சாயாமல் காக்க வந்தேன் என்கிறான். கேளாமல் கொடுத்த தாங்கல் முதுகில் குத்திப் பொறியைக் கொன்றால், கொடுத்தவனை என்ன பெயரால் அழைப்பது?

“சரி, போட்டது போட்ட” என்றாள் அண்ணி. “அப்புறம் எதுக்குடா என் காந்தத்த இழுத்த?”

அவன் துண்டை எடுத்து, காய்ந்திருந்த கையை மறுபடி துடைத்தான். மறந்திருந்தானா? இன்று உச்சிவேளை விசிறிகள் அரைச் சுற்றில் நின்றபோது, தான் முடுக்கிய கட்டை அவனுக்கு ஒரு கணமேனும் நினைவுக்கு வரவில்லையா? வந்திருந்தால், நாளைக் காலைவரை வாய் திறக்காமலே இருந்திருப்பானா? அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய முகம். அதன் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று இதற்குமுன் ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

மேசை இழுப்பறையிலிருந்து குறட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“நீங்க போட்டது. நீங்களே கழட்டுங்க.”

“இதோ, ஒரு நிமிஷ வேலை” என்று அவன் கேபினட்டின் முன் மண்டியிட்டான். தோள்வரை கையை உள்ளே விட்டு, தலையையும் நுழைத்தான். குறடு பித்தளையைக் கடித்தது, வழுக்கியது. மறுபடி கடித்தது, மறுபடி வழுக்கியது.

“நல்லா முடுக்கியிருக்க போல” என்றாள் அண்ணி. “கிடங்குல உன்ன மெச்சிக்கணும்.”

அவள் நாற்காலியை அட்டைப் பெட்டியின் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பழைய கம்ப்யூட்டர் திணறி நின்றுபோன அந்தப் பெரிய வரைபடத்தைத் திறந்தாள். திரையில் ஒரு தளத்தின்மேல் இன்னொரு தளமாகக் கோடுகள் எழுந்தன. சுவர்கள், படிகள், சன்னல்கள், யாரும் இன்னும் குடிவராத அறைகள். கைக்கெட்டும் தூரத்தில், மறைக்க ஒன்றுமில்லாத விசிறி காற்றை வீசிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால், முன்புறக் கண்ணாடியில் கன்னம் அழுந்த, கணவனின் முகம் தொட்டிக்குள் சிவந்துகொண்டிருந்தது. குறடு மறுபடி வழுக்கியது. அவள் திரும்பவில்லை.