மூன்று கட்டம் தாண்டும் குதிரை

மீரா சாகிப்புக்குத் தோற்பது பிடிக்காது. அதைவிடப் பிடிக்காதது துரைக்கண்ணு தோற்பது. இருபது வருஷமாகத் துரைக்கண்ணுவின் வயல் மோட்டார் கொட்டகையில் இருவரும் செஸ் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் திருவையாற்று டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதே சண்டையைத் தொடர்வார்கள். பம்புசெட் மெக்கானிக் சாகிப் ஜெயித்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பக்கவாதம் வந்து எழுந்த துரைக்கண்ணு வரிசையாக ஒன்பது ஆட்டம் தோற்றார். ஒன்பதாவதில், அவருக்கு இடது ஓரத்தில் நின்ற சாகிப்பின் யானை ராணியை வெட்டியது. "இது எப்ப வந்துச்சு?" என்றார். அது வெகுநேரமாக அங்கேதான் நின்றிருந்தது.

"மூளை போச்சு சாகிப்பு. இனிமே பலகையை எடுக்காதே."

காய்களை டப்பாவில் போட்டு மூடினவர், அப்புறம் வயல் பக்கமே வரவில்லை. சாகிப்புக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கே போனார். துரைக்கண்ணுவின் மனைவி அகிலாண்டம் இருவருக்கும் இலை போட்டாள்.

"ஊறுகா வைக்கலியா?" என்று துரைக்கண்ணு எரிந்து விழுந்தார். ஊறுகாய் இலையின் இடது மூலையில் வழக்கமான இடத்தில்தான் இருந்தது. அகிலாண்டம் அதை வலப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கை கழுவப் போன இடத்தில் சாகிப்பிடம், "இடப்பக்கம் கண்ணுக்குத் தெரியலண்ணே. டாக்டர் சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறாரு," என்றாள்.

அப்படியென்றால் மூளை போகவில்லை! சாகிப்புக்குச் சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அன்றே ப்ளைவுட்டில் புதுப் பலகை கீறினார். குறுக்கே ஆறு கட்டம், நெடுக்கே பத்து. ஓரத்து யானைகள் கிடையாது. பலகை நீண்டுவிட்டதால் குதிரை இரண்டுக்குப் பதில் மூன்று கட்டம் போய்த் திரும்பும்.

"புது ஆட்டம். போன்ல பாத்தேன். ஒரே ஒரு தடவை, எனக்காக," என்று கெஞ்சிக் கூத்தாடித் துரைக்கண்ணுவைக் கொட்டகைக்கு இழுத்து வந்து, பலகையை அவருக்கு வலப்பக்கமாகத் தள்ளிப் போட்டார். இரக்கப்பட்டது தெரிந்தால் மனிதர் செத்தாலும் முகத்தில் விழிக்க மாட்டார்.

கொஞ்ச நேரத்தில் துரைக்கண்ணு ஒரு குதிரையை வெட்டினார். ராஜாவை வெள்ளைக் கட்டத்தில் உட்கார வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மூணு போயி ஒண்ணு திரும்பினா, எங்க குதிச்சாலும் அதே நிறத்துலதான் விழும். கறுப்புல நிக்கற உன் மிச்சக் குதிரை என் ராஜாவைத் தொடவே முடியாது. இதைக்கூட யோசிக்காம எந்த முட்டாப் பய கண்டுபிடிச்சான்?"

அந்த முட்டாள் தலையைச் சொறிந்துகொண்டார். இருபது நிமிஷத்தில் தோற்றும் போனார். இவ்வளவு நிம்மதியாக அவர் என்றைக்கும் தோற்றதில்லை.

"பலகையை ஏன் இந்தப் பக்கம் தள்ளிப் போட்டே?"

"அது... அங்க ஈரமா இருந்துச்சு."

துரைக்கண்ணு காய்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டே கேட்டார். "டீக்கடை பெஞ்சில நான் ஏன் எப்பவும் உனக்கு வலப்பக்கமே உக்காரறேன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கியா?"

சாகிப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. மோட்டார் சத்தத்தில் அவருடைய இடது காது மந்தமாகிப் பல வருஷமாயிற்று. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்.

"ஏன்யா சொல்லல?"

"நீ சொன்னியா?" என்றார் துரைக்கண்ணு. "குதிரைக்கு மட்டும் பழையபடி ரெண்டு கட்டமே வச்சுக்க. பலகை இப்படியே இருக்கட்டும்."