ஆனிசெத்தோவுக்குப் பின்னால்

"யாருங்க கடைசி?" என்று கேட்டாள் நெரெய்தா. ஹவானா பேருந்திலிருந்து இறங்கி ஓடி வந்ததில் இன்னும் மூச்சு வாங்கியது.

குவானபாக்கோவாவில் தேவாலய அலுவலகம் வியாழக்கிழமைதான் திறக்கும். அதுவும் பன்னிரண்டு மணி வரை. அம்மாவின் ஞானஸ்நானச் சான்றிதழை நாளைக் காலை ஸ்பானியத் தூதரகத்தில், குடியுரிமை மனுவோடு கொடுத்தாக வேண்டும். தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். மாட்ரிட்டில் மகள் கைக்குழந்தையோடு தனியாகக் கிடந்தாள்.

வரிசை என்று கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. சுவரோரமும் வாதுமை மர நிழலிலுமாக ஆட்கள் சிதறி உட்கார்ந்திருந்தார்கள். தனக்கு முன்னால் யார் என்பது அவரவருக்குத் தெரிந்தால் போதும்.

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர் கை தூக்கினார். "நான்தாம்மா. எனக்கு முன்னால அந்த மஞ்சள் கவுன்காரம்மா. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வந்துடறேன். என் இடத்தைப் பாத்துக்கோ."

"பாத்துக்கறேங்க."

அவர் முனை திரும்பினார். அந்த வெயிலிலும் சட்டையில் பொட்டு வியர்வை இல்லை.

பதினொன்றரைக்குத் தன் முறை வந்து மஞ்சள் கவுன்காரி ஒஸ்மாரா எழுந்தாள். பெரியவரை இன்னும் காணவில்லை.

"உங்களுக்கு அடுத்து ஒரு பெரியவர். அவருக்குப் பின்னாடி நான்" என்றாள் நெரெய்தா.

"எனக்குப் பின்னாடி யாருமே கேக்கலையே, கண்ணு."

"வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காப்பி குடிக்கப் போனார்."

சுற்றிலும் வீசிக்கொண்டிருந்த கைவிசிறிகள் நின்றன. சுவரோரத்துத் தடியர் சிரித்தார். "ஆனிசெத்தோவா? செத்தும் இடத்தை விட மாட்டேங்கறாரே மனுஷன்." வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஒஸ்மாரா குரலைத் தாழ்த்தினாள். "போன வருஷம் இந்த வாசல்லதான் சாஞ்சாரு. அவருக்கு முன்னால இன்னும் ஒரே ஆள்தான் பாக்கி இருந்துச்சு, பாவம். நீ பேசாம எனக்குப் பின்னாடின்னு சொல்லிட்டுப் போ. யாரு கேக்கப் போறா?"

"பாத்துக்கறேன்னு சொல்லிட்டேனே."

ஒஸ்மாரா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்.

"அடுத்து" என்றார் எழுத்தர்.

நெரெய்தா மேசைவரை போனாள். மகள் முகம் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தாள், வந்தது வேறு சொல். "அவர் முதல்ல" என்று ஓரடி விலகி நின்றாள்.

எழுத்தர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் தடித்த பதிவேடு ஒன்றை இறக்கினார். "பேரு?" என்றார், அவள் பக்கம் திரும்பாமலேயே. கொஞ்சம் பொறுத்து எழுதத் தொடங்கினார்.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம். பிறகு ஐந்து. திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின் வந்து வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக, சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மெதுவாச் சொல்லுங்க, அவசரமில்ல" என்றார் எழுத்தர், மேசைக்கு எதிரே இருந்த வெற்றிடத்திடம். தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆமென்பதுபோல் தலையசைத்துவிட்டு, மைக்கூட்டைத் தள்ளி வைத்து, ஆனிசெத்தோ சொல்வதை எழுத இரண்டாவது தாளை எடுத்தார்.