மலிவு விலையில் ஒரு தண்டனை

எங்கள் அலபாமா கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஹாஸ்கியூவுக்குத் தண்டனையும் ஒரு சரக்குதான். பையன் என்ன தப்பு செய்தாலும், நோஞ்சான் அணியோடு ஆட்டம் வரும் வாரம் பார்த்து உட்கார வைப்பார். கல்லூரி முதல்வருக்குக் கண்டிப்பு கிடைத்த திருப்தி, எங்களுக்கு நஷ்டமில்லை. துணைப் பயிற்சியாளனான நானும் அந்தக் கடையில் தராசு பிடித்தவன்தான்.

எதிராளியைச் சுவர்போல மறிக்கும் மார்கெல் பெட்வே, தோட்டக்காரரின் பேட்டரி காரை ஓட்டிப்போய்க் கல்லூரிக் குளத்தில் இறக்கிவிட்டான். ஹாஸ்கியூ வழக்கமான விலையைச் சொன்னார்.

"இந்தச் சனிக்கிழமை நீ ஆடலை."

"கோச், அதுக்குப் பதிலா அடுத்த சனிக்கிழமை உக்கார்றேனே."

"அது ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் காலேஜோட ஆட்டம்டா. நீ இல்லாட்டி நான்தான் குறுக்க படுக்கணும்."

"எங்கம்மாவுக்கு இந்தச் சனிக்கிழமைதான் லீவு. கோழி ஃபேக்டரியில லேசுல தர மாட்டாங்க. நான் இங்க ஆடி அவங்க பார்த்ததே இல்ல."

ஹாஸ்கியூ தொப்பியைக் கழற்றி, உள்ளே பதில் இருப்பதுபோலப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தத் தாய் கெஞ்சினால் தான் பெரிய மனது பண்ணி இறங்கிவரலாம் என்பது கணக்கு.

வெர்லீன் அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "யாரோட ஆட்டம்?" என்றார். சொன்னோம்.

"அவங்கள எங்க சர்ச் பாட்டுக்காரங்களே ஜெயிச்சிருவாங்க. இதுக்குப் பேரு தண்டனையா கோச்? அடுத்த வாரமும் சேர்த்து உக்காரட்டும்."

"அம்மா," என்றான் மார்கெல்.

"நீ பேசாத. கார் நீந்துமான்னு பார்த்தவன்தான நீ."

தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஹாஸ்கியூ ஒரு தாயிடம் கெஞ்சியதை அன்றுதான் பார்த்தேன்.

"மேடம், அடுத்த வாரம் முதல் கால்வாசி மட்டும்..."

"பாதி ஆட்டம்."

"மேடம்..."

"நான் முழுசுலதான் ஆரம்பிச்சேன்."

"சரி, பாதி," என்றார் அவசரமாக.

"மைதானத்துப் படிக்கட்டுல ஏறி இறங்க வைப்பீங்களே, அது இன்னும் உண்டா?"

"உண்டு மேடம்."

"சனிக்கிழமை காலையில வைங்க. நான் வந்துர்றேன்."

காலி மைதானத்தில், மகனின் எண் போட்ட சட்டையும் மடியில் அவித்த வேர்க்கடலையுமாக அமர்ந்திருந்தார் வெர்லீன் அம்மா. அந்த மலை உடம்போடு மார்கெல் மேல்படியைத் தொட்டபோதெல்லாம் எழுந்து கைதட்டினார். பக்கத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்த ஹாஸ்கியூவும், மூன்றாவது தடவையிலிருந்து எழுந்துகொண்டார்.

"போதும்டா, வா," என்று குரல் கொடுத்தார்.

"விடிய விடிய பஸ்ல வந்திருக்கேன் கோச்," என்றார் அந்த அம்மா. "இன்னும் ஒரு தடவை பார்த்துக்கிறேனே."

கீழே மூச்சிரைத்துக்கொண்டிருந்த மார்கெல், உத்தரவுக்குக் காத்திராமல் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தான்.