லீக்ஸாத்தான் இருக்கும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளப்பில் டாமினோ ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. செயலாளர் ஸ்டான் பியூயிக் வெளியிலிருந்து வந்து ஆல்ஃப் ஹெஸ்லப்பின் தோளில் கையை வைத்தார்.

"ஆல்ஃப், உன் தோட்டத்துல ஏதோ ஆயிருக்கு. நாயைக் கூட்டிட்டுப் போனவர் வந்து சொன்னாரு. போய்ப் பாத்துட்டு வா."

ஆல்ஃப் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த நோரி சார்ல்டன் தன் காய்களிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "லீக்ஸாத்தான் இருக்கும்."

லீக்ஸ்தான். வெங்காயத் தாள் போன்ற அந்தச் செடியின், வாழைத்தண்டு பருமனுக்கு வளர்ந்திருந்த வெள்ளைத் தண்டுகள் எல்லாம் குறுக்கே கீறப்பட்டு வாய் பிளந்து கிடந்தன. வேரோடு பிடுங்கியிருந்தால்கூடத் திருட்டு என்று ஆறுதல் கொள்ளலாம். இது போட்டிக்குப் போகக் கூடாது என்பதற்காகவே போட்ட வெட்டு. இங்கிலாந்தின் டர்ஹம் பக்கத்து நிலக்கரிச் சுரங்க ஊர்களில், யாருடைய லீக்ஸ் பெரியது என்ற போட்டி நெருங்கும்போது ஆண்கள் தோட்டக் கொட்டகையில் படுப்பது இதற்குப் பயந்துதான். அன்று காலை ஆல்ஃப் குளிப்பதற்காக வீட்டுக்குப் போய், அப்படியே கிளப்புக்கு வந்திருந்தார். அந்த நேரத்தில் நடந்திருக்கிறது.

வெட்டுப்பட்ட தண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவருக்கு முதலில் கோபம் வரவில்லை. நோரியின் குரல்தான் காதில் வந்தது.

ஸ்டானிடம் பிறகு விசாரித்தார். நாய்க்காரர் சொன்னதெல்லாம் வேலிக் கதவு திறந்து கிடக்கிறது என்பது மட்டுமே. லீக்ஸ் என்ற பேச்சே எழவில்லை.

"அப்ப நோரிக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று அன்று மாலை மனைவி மேவிஸிடம் கேட்டார்.

மேவிஸ் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "தெரியும்னு அவன் எங்க சொன்னான்? 'இருக்கும்'னுதானே சொன்னான். எல்லாரும் சொல்றதுதான். மணி அடிச்சா நான் 'மீன்காரனா இருக்கும்'னு சொல்றதில்லையா?"

"வியாழக்கிழமை சொல்லுவ. மீன்காரன் வியாழக்கிழமை வருவான். திங்கக்கிழமை மணி அடிச்சா என்ன சொல்லுவ?"

அவள் யோசித்தாள். "யாரா இருக்கும்னு கேப்பேன்."

"அதைத்தான் சொல்றேன். எதிர்பாக்கிறவங்கதான் 'இருக்கும்'பாங்க. நோரி எதை எதிர்பாத்துட்டு உக்காந்திருந்தான்?"

"செப்டம்பர் மாசத்துல உன் தோட்டத்துல வேற என்ன இருக்கு?"

"கொட்டகை இருக்கு. கோழி இருக்கு. போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துல கொட்டகைதான் எரிஞ்சுது. நியாயமாப் பாத்தா 'கொட்டகையா இருக்கலாம்'னு வந்திருக்கணும். இல்ல, கொஞ்சம் யோசிச்சுட்டு 'லீக்ஸாத்தான் இருக்கணும்'னு வந்திருக்கணும். அவன் யோசிக்கவே இல்ல."

"நாப்பது வருஷம் உன்கூட நிலக்கரி வெட்டினவன்."

"வெட்டத் தெரிஞ்சவன்தான்."

மேவிஸ் துணியை உதறிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் முதல் ஆல்ஃப் ஊர்ப் பேச்சை வேறு காதால் கேட்கத் தொடங்கினார். கறிக்கடையில் ஒரு புதுப் பெண்ணைப் பார்த்ததும் கடைக்காரர் "நீ ராப்சன் வீட்டுப் பொண்ணா இருப்ப" என்றார். மூக்கின் சாயலை வைத்துச் சொல்கிறார், யோசிக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் ஒரு கிழவர், தூரத்தில் வந்த வண்டியைப் பார்த்து, "நம்மதா இருக்கணும், இந்த நேரத்துக்கு வேற வண்டி கிடையாது" என்றார். அது கணக்குப் போட்டு வந்தது. தெரியாதவர்கள் எல்லோரும் 'இருக்கலாம்' என்றார்கள். வாழ்நாள் முழுக்கத் தானும் இப்படியே பேசிவந்திருக்கிறோம், ஒரு நாளும் கவனித்ததில்லை என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தேகமும் அதனால் கூடியது. கவனிக்காமல் வாயில் வருவதில்தான் உண்மை இருக்கும் என்று தோன்றியது.

நோரியைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். செவ்வாய்க்கிழமை நோரியின் தோட்டத்துக்குப் போனார். அங்கே லீக்ஸ் கீறல் படாமல் கொழுத்து நின்றன. ஆல்ஃப் அவற்றைப் பார்க்காதது போல நின்றுகொண்டு ஒரு பொய்யைச் சொன்னார்.

"உன் வீட்டு வாசல்ல ஒரு வேன் நிக்குதுடா."

நோரி நிமிர்ந்தார். "வேனா? கேஸ்காரனா இருக்கலாம். இல்ல என் மச்சான், மார்ஜோட தம்பியா இருக்கலாம், அவன்தான் சொல்லாம கொள்ளாம வருவான். என்ன கலர்?"

"கவனிக்கல."

"வேன் நிக்கிறதப் பாத்திருக்க, கலரப் பாக்கல. சுரங்கத்துலயும் இப்படித்தான், விளக்கக் கைல வச்சுக்கிட்டே தேடுவ."

ஆல்ஃப் சிரிக்கவில்லை. தெரியாதபோது நோரியும் எல்லோரையும் போல 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறார். அப்படியானால் அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது ஆல்ஃப் மனத்தில் வழக்கு முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கிளப்பின் மாடி அறையில் கமிட்டி கூடியது. லீக்ஸை வெட்டியவர் என்று நிரூபணமானால் ஆயுளுக்கும் போட்டியில் இடமில்லை, கிளப்பிலும் இடமில்லை. சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊரில் ஒரு ஆணுக்குப் போக வேறு இடம் இல்லை. நோரி கமிட்டி உறுப்பினர். வழக்கமான நாற்காலியில், வழக்கம்போல ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா ஆல்ஃப்?" என்று ஸ்டான் கேட்டார்.

நோரிதான் என்று சொல்ல ஆல்ஃப் மாடிப்படி ஏறும்போதே வாயைத் தயார் செய்து வைத்திருந்தார். ஜன்னல் பக்கம் பார்த்ததும் வாய் ஒரு படி இறங்கியது.

"நோரியா இருக்கலாம்."

யாரோ புகைக்குழாயைத் தட்டுவதை நிறுத்தினார். ஸ்டான் மூச்சு விட்டார். "இருக்கலாம்ங்கறது குற்றச்சாட்டு இல்ல. அப்ப யாரையும் விலக்க வேண்டியதில்ல. அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றார் ஆல்ஃப். தான் இரக்கம் காட்டிவிட்டதாகவே அவர் நினைத்தார்.

நோரி எழுந்து நின்றார். "எதை வச்சுடா சொன்ன?"

ஆல்ஃப் சொன்னார். டாமினோ மேசை, வேலிக் கதவு, அந்த ஒரு வார்த்தை, வேன் வரைக்கும் சொன்னார். சொல்லச் சொல்ல அது சின்னதாகிக்கொண்டே போவது அவருக்கே தெரிந்தது.

"ரெண்டு மாசமா உன் வாயிலயும் மூஞ்சியிலயும் லீக்ஸத் தவிர வேற எதுவும் இல்ல" என்றார் நோரி. "ஸ்டான் வந்து உன் மாமியார் செத்துட்டாங்கன்னு சொல்லியிருந்தாலும் நான் லீக்ஸாத்தான் இருக்கும்னுதான் சொல்லியிருப்பேன்."

இரண்டு பேர் சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார்கள்.

"நீதான் பண்ணினன்னு நேராச் சொல்லியிருந்தா, நான் பண்ணலடான்னு சொல்லிட்டு உக்காந்திருப்பேன். நீயா நானான்னு முடிஞ்சிருக்கும். இருக்கலாம்னா நான் என்ன பதில் சொல்றது? நானா இல்லாமலும் இருக்கலாம்னா?"

கமிட்டி அடுத்த விஷயத்துக்குப் போனது: கொட்டகைகளுக்குப் பூட்டு.

அந்த வார்த்தை அறையிலிருந்து எல்லோருக்கும் முன்னால் படியிறங்கிப் போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஊரில் தெரியாதவர் இல்லை. நோரி உள்ளே வந்தால் டாமினோ மேசையில் காலி நாற்காலி இருந்தும் எவரும் கூப்பிடவில்லை. அவர் மனைவி மார்ஜ் கடை வரிசையில் நிற்கும்போது பேச்சு வானிலைக்கு மாறியது. நோரியைக் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுக்கவும் இரண்டு பேர் கிளம்பியிருப்பார்கள்.

"நீ போய் அவன்கிட்டச் சொல்லு" என்றாள் மேவிஸ்.

"என்னன்னு?"

"உனக்குத்தான் வார்த்தை எல்லாம் அளந்து வைக்கத் தெரியுமே."

போட்டி நாள் காலையில் ஆல்ஃப் போனார். நோரி தோட்டத்தில் மண்டி போட்டு, லீக்ஸைச் சுற்றி மண்ணைக் கையாலேயே விலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஈரச் சாக்கு விரித்த தள்ளுவண்டி நின்றது.

"நோரி, நான் யோசிச்சுப் பாத்தேன்" என்றார் ஆல்ஃப். "நீயா இருக்காது."

நோரியின் கை நின்றது. "இருக்காதா, இல்லையா?"

ஆல்ஃப் வாயைத் திறந்தார். 'நீ இல்ல' என்பது எவ்வளவு சின்ன வாக்கியம். அதைச் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரியாமலே சொல்லும் மனம் வேண்டும். கீறல் படாத அந்த வெள்ளைத் தண்டுகளின் மேல் அவர் கண் ஒரு நொடி போய் வந்தது.

நோரி அந்தப் பார்வையைப் பார்த்தார். பிறகு குனிந்து, தண்டு ஒன்றை வேரோடு, ஒரு இலையும் முறியாமல் தூக்கி வண்டியில் கிடத்தினார்.

"வழிய விட்டு நில்லு" என்றார். "வண்டி போகணும்."

ஆல்ஃப் வேலியோரம் ஒதுங்கி நின்றார்.