முதல் தகரம்

அன்று காலை ஒனெஸ்ஃபோரின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டேன். என் கணவருடையது. அவருடைய உடல் கூடக் கிடைக்கவில்லை, கால்சட்டைதான் கிடைத்தது. இடுப்பில் நிற்காமல் நழுவியதால் வாழைநாரால் இறுக்கிக் கட்டினேன். இடுப்புத் துணியோடு ஏணி ஏற முடியாது.

எங்கள் பெண்கள் சங்கத்துக்குக் காப்பிப் பழம் தோலுரிக்கும் இயந்திரம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை அதிகாரிகள் வரும்போது கொட்டகைக்குக் கூரை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் எதிர்க்குன்றுச் சங்கத்துக்குப் போய்விடும். பிறகு பழையபடி தரகன் சொன்ன விலைக்குப் பழத்தைக் கொட்டிவிட்டு வரவேண்டியதுதான். சுவரும் உத்தரமும் ஆயிற்று, தகரம் மட்டும் தரையில் கிடந்தது. குன்றில் மிச்சமிருந்த ஒரே தச்சர் செமானா. தொண்ணூற்று நான்கின் இனப்படுகொலையில் பாதி ஆண்கள் செத்தார்கள், கொன்றவர்கள் சிறைக்குப் போனார்கள், அந்தச் சமயம் தான்சானியாவில் இருந்ததால் இவர் எதிலும் சேராமல் தப்பினார். ஈஸ்டர் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். தன்னை விட்டால் யார் ஏறுவார்கள் என்ற தெம்பு. எங்கள் ஊரில் பெண் கூரை ஏறக்கூடாது.

நான் ஏறினேன். ஏணியைப் பிடித்தவள் ட்ரொசெல்லா. அவள் கணவன் சிறையில் இருக்கிறான். ஒனெஸ்ஃபோரைக் கொல்ல எங்கள் வீட்டுக்கு வந்த கூட்டத்தில் அவனும் இருந்தான், அதை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். சங்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே வரிசையில் பழம் பறிப்போம். காப்பியைத் தவிர அவளோடு பேச எனக்கு எதுவும் கிடையாது.

கீழே இருந்தவர்கள் முதல் தகரத்தை ஏற்றிவிட்டார்கள். காற்று அதைப் பிடுங்கியது. ஒருத்தியே அழுத்திக்கொண்டு ஆணியும் அடிக்க முடியவில்லை, இன்னொருத்தி வாருங்கள் என்றேன். அதற்குள் செமானா வாழைப்பழ பீர் வாசனையோடு வந்து நின்றார்.

"எறங்கு ஸ்பெசியோஸ். பொம்பளை கூரை ஏறினா வீட்டு ஆம்பளைக்கு ஆகாது."

"எந்த ஆம்பளைக்குண்ணே? ஒருத்தரைக் காட்டுங்க, எறங்கிடறேன்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். ட்ரொசெல்லா பக்கம் திரும்பினார்.

"அவளுக்குச் சரி. உனக்கு ஒருத்தன் உசிரோட இருக்கான்ல?"

சிரிப்பு நின்றுவிட்டது. ட்ரொசெல்லா ஏறட்டும் என்று நான் நினைத்தேன். தகரத்துக்காக மட்டும் இல்லை, அவனுக்கு ஆகாமல் போகட்டும் என்றும்தான் நினைத்தேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது? மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அவள் ஏணியை விட்டுவிட்டு ஒரு பிடி ஆணியை வாயில் கவ்வினாள். ஏணியை வந்து பிடிக்கும்படி செமானாவுக்குக் கையால் சைகை காட்டினாள். அவர் என்ன நினைத்தாரோ, வந்து பிடித்தார். அவள் மேலே வந்து, என் எதிரே தகரத்தின் மேல் முழங்காலை ஊன்றி அழுத்தினாள். காற்றின் ஆட்டம் அடங்கியது. அத்தனை பக்கத்தில் அவள் முகத்தை நான் பார்த்ததேயில்லை.

"உன் வீட்டுக்காரருக்கு எதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவள் வாயிலிருந்த ஆணிகளைக் கையில் துப்பினாள்.

"எம் புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்தப்போறது அவரில்ல, இந்தக் காப்பி. அடி."

ஒரு ஆணியைத் தகரத்தின் மேல் நிறுத்தி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். நான் சுத்தியலை ஓங்கினேன். இத்தனை வருடம் என் கைக்குள் இருந்த அத்தனையும் அதில் ஏறி நின்றது. அவளுக்கும் அது தெரிந்தது. விரலை எடுக்கவில்லை.

ஆணியின் தலையில் அடித்தேன். சத்தம் எதிர்க்குன்று வரை போய்த் திரும்பி வந்தது. அவள் அடுத்த ஆணியை நிறுத்தினாள்.