ஐசியில் ஈப்போக்காரர்

பிஸ்கட் பாதி உடைந்து தேநீருக்குள் விழுந்துவிட்டது. பத்துமலை அதைக் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார். மேசைமேல் சார்ஜில் கிடந்த கைப்பேசியில், ஈப்போ நகரிலிருந்து மகள் ஷாமினி பேசினாள். மனைவி நவமணி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, வெங்காயம் உரித்தபடி இருவர் பேச்சையும் கேட்டாள்.

"பேப்பர்ல போட்டிருக்குப்பா. நம்ம தோட்டத்துப் பக்கத்த விட ஈப்போக்காரங்க பல வருசம் கூட வாழுறாங்களாம்."

"ஏன், எமனுக்கு அங்க பார்க்கிங் கிடைக்கலியா?"

"விளையாடாதீங்கப்பா. அடுத்த மாசம் ஹார்ட் டாக்டர பாக்கணும். இங்கயே வந்து இருந்துருங்க."

"திருவிழா முடியட்டும்லா, வாரேன். கூட கிடைக்கிற வருசத்துல பகல்பூரா என்ன செய்யிறதுன்னு யோசிக்கணும்ல?"

கரண்டியில் ஏறிய பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு, பெரிய வெற்றி பெற்றவர் போல நவமணியைப் பார்த்தார்.

பாதி ஈப்போக்காரராக அவர் ஏற்கெனவே ஆகியிருந்தார். அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வசதியாக இருக்கும் என்று, ஷாமினி போன வருடமே அவருடைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில், தன் வீட்டு முகவரியைப் போட்டு வைத்திருந்தாள். தோட்டத்தில் பலரும் செய்கிற காரியம்தான். அட்டை முன்னால் போகும். ஆள் பின்னால் போவார்.

அன்று மத்தியானம் பத்துமலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. நவமணி ஆம்புலன்சுக்கு அடித்தாள். மறுமுனையில் பேசிய மலாய்ப் பெண் பொறுமையானவள். எந்த இடம் என்று கேட்டாள். மணிக்கூண்டுத் தோட்டம், பாகான் டத்தோ சாலை என்றாள் நவமணி.

அங்கே மணிக்கூண்டு கிடையாது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோதே மணியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனிகள் கைமாறி, வாசல் பலகையில் இப்போது வேறொரு பெயர் இருக்கிறது. லயத்துக் குடியிருப்பு ஆட்கள் யாரும் அதை உச்சரித்ததில்லை. கல்யாணப் பத்திரிகையிலும் கருமாதிப் பத்திரிகையிலும் மணிக்கூண்டுத் தோட்டம்தான். பதற்றத்தில் நவமணியின் வாய்க்கு வந்ததும் அதுதான்.

ஆம்புலன்ஸ் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. வாசலில் நின்று காவலுக்கு இருந்த ஜாகாவைக் கேட்டது. வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன நேப்பாளக்காரன், பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்படி ஒரு தோட்டம் இங்கே இல்லை என்று உண்மையைச் சொன்னான். ஆம்புலன்ஸ் கடற்கரைப் பக்கம் தேடிப் போனது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்த சங்கதி.

லயத்தில் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சீனி தன் வேனைக் கொண்டுவந்தான். "இனிமே நிக்க வேணாக்கா. புடிங்க, தூக்குவோம்." நவமணியின் கைப்பேசி மேசையிலேயே கிடந்தது. ஆளில்லாத வீட்டில் அது அடித்தடித்து ஓய்ந்தது.

பெரிய சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் சைரன் கேட்டது. கடற்கரைப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் வேகமாக வந்துகொண்டிருந்தது.

"உள்ள யாரோ பாவம்லா" என்றான் சீனி.

நவமணியின் மடியில் கிடந்த பத்துமலை கண்ணைத் திறக்கவில்லை. "வழி விட்டுரு, சீனி" என்றார்.

சீனி ஒழுங்கான டிரைவர். வேனைப் புல்லில் இறக்கி நிறுத்தினான். உள்ளே இருப்பவரைக் காப்பாற்று முருகா என்று நவமணியும் வேண்டிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் அவர்களைக் கடந்து போனது. உள்ளே யாரும் இல்லை. அது பத்துமலையைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

எமன் யாரிடமும் வழி கேட்கவில்லை. வேன் ஆஸ்பத்திரியை எட்டுமுன்பே வந்து சேர்ந்துவிட்டான்.

மரணத்தைப் பதியப் போனபோது, முகப்பில் இருந்தவர் ஐசியைத் திருப்பிப் பார்த்து, "ஈப்போக்காரரா?" என்றார். ஷாமினி தாயைப் பார்த்தாள். அட்டை சொல்வதை அவள் எப்படி மறுப்பாள்? ஆமாம் என்றாள்.

கருமாதியன்று பந்தலில் சீனி ஆரம்பித்தான். "வீரம்மா அத்தை செத்தப்ப ஐசியில கிள்ளான். கார்த்திகேசு மாமா தஞ்சோங் மாலிம். இப்ப அண்ணன் ஈப்போ. கவர்மெண்டு கணக்குல நம்ம தோட்டத்துல சாவே இல்லலா! பாரு, பேப்பர்காரன் வந்து என்னத்த சாப்பிடுறீங்கன்னு கேக்கப்போறான்."

எல்லாரும் சிரித்தார்கள். நவமணியும் சிரித்தாள். அதை நிறுத்துவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீங்களாச்சும் எங்கூட வந்துருங்கம்மா" என்றாள் ஷாமினி, புறப்படும்போது. "அங்க..." என்று தொடங்கியவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வாரேன். இங்க ஒரு வேல இருக்கு."

மறுநாள் நவமணி குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். ஜாகா எழுந்து நின்றான். அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. "பலகையில் இல்லையே, ஆன்ட்டி" என்றான் மலாயில், தரையைப் பார்த்துக்கொண்டு. அவள் திட்டவில்லை. இந்த இடத்துக்குப் பெயர் மணிக்கூண்டு, சொல்லு என்றாள். அவன் சொன்னான். நாக்கு புரண்டது. மறுபடி சொல்லவைத்தாள். சாயங்காலமும் போய்க் கேட்டாள். ஒரு வாரத்தில், கேட்காமலே அவன் மணிக்கூண்டு என்று கூவி அவளுக்கு வணக்கம் வைத்தான்.

அடுத்த மாதம் அவனை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த நாற்காலியில் புதிதாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். நவமணி அவன் முன்னால் போய் நின்று, முதலிலிருந்து தொடங்கினாள். அவன் பலகையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

சாலையில் ஆஸ்பத்திரி பக்கம் போகும் பஸ் கடந்து போனது. அந்தப் பக்கம் பஸ் இப்போதும் நாளுக்கு இரண்டுதான், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.